மூச்சிருக்கும் டிஸ்க்கைப் பிடுங்காதீர்கள்

அந்த மின்னஞ்சல் விடியற்காலை 3.12க்கு வந்திருந்தது. நான் பார்த்தது ஆறரைக்கு. வீட்டு சர்வர் எனக்கு அனுப்பும் அஞ்சல்களில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. மாதாந்திரச் சோதனை முடிந்தது, பிழை ஏதும் இல்லை என்று வரும், படித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். இதில் ஒரே ஒரு வரி இருந்தது. ‘எஸ்டிசி’ என்ற டிஸ்க்கில் தற்போது படிக்க முடியாத செக்டர்கள்: 8.

எட்டு என்றால் கொஞ்சம்தானே என்று தோன்றும். முன்பு எனக்கும் அப்படித்தான் தோன்றியது. செக்டர் என்பது டிஸ்க்கில் தரவை எழுதும் ஒரு சின்னக் கட்டம். இப்போதைய ஹார்டு டிஸ்க்குகள் உள்ளுக்குள் 4096 பைட் கொண்ட செக்டர்களாகத்தான் எழுதுகின்றன. வெளியே கணினியிடம் மட்டும் பெரும்பாலும் பழைய வழக்கப்படி 512 பைட் செக்டர்கள் என்று கணக்குச் சொல்கின்றன. அதனால் உள்ளே ஒரே ஓர் இடம் பழுதானாலும் வெளியே எட்டாகத் தெரியும். ஆக அந்த எட்டுக்குப் பொருள், டிஸ்க்குக்குள் சுழலும் தட்டில் ஒரு புள்ளி போயிருக்கிறது என்பதுதான். அதற்காக நிம்மதி அடையலாமா என்றால், கூடாது. மறுநாள் 24 ஆனது. அதற்கு அடுத்த நாள் 56. ஒரு புள்ளி மூன்றாகி, மூன்று ஏழாகியிருந்தது.

எங்கள் வீட்டில் நான்கு டிஸ்க் கொண்ட ஒரு பெட்டி இருக்கிறது. ஒவ்வொன்றும் 4 டெராபைட். அலமாரியின் கீழ்த்தட்டில், பின்பக்கம் காற்றுப் போக வழிவிட்டு வைத்திருக்கிறேன். உள்ளே இசட்எஃப்எஸ் ஓடுகிறது, பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துக் கோப்புகளைச் சேமிக்கும் மென்பொருள். ஒரு டிஸ்க் போனாலும் தரவு போகாத ஏற்பாடு. எங்கள் குடும்பத்தின் புகைப்படங்கள், அப்பாவின் நிலப் பத்திரங்களை ஸ்கேன் செய்த கோப்புகள், என் வேலை சம்பந்தப்பட்டவை எல்லாம் அதில்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மாவின் குரல் அதில் இருக்கிறது. என் மகள் சின்னவளாக இருந்தபோது அம்மா அவளைத் தூங்க வைக்கச் சொன்ன கதைகளைக் கைப்பேசியில் பதிவு செய்து வைத்தேன். மொத்தம் 43 இருந்தன. இப்போது 41 இருக்கின்றன. அம்மா இல்லை.

அந்த இரண்டு எப்படிப் போயின என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்கே அதுதான் காரணம்.

அப்போது என்னிடம் இருந்தது இரண்டே டிஸ்க் கொண்ட சின்னப் பெட்டி. இரண்டிலும் ஒரே தரவு, ஒன்றுக்கு ஒன்று கண்ணாடி மாதிரி. அதில் ஒன்று பழுதாக ஆரம்பித்தது. புது டிஸ்க் வந்த அன்றே பெட்டியைத் திறந்து, வலப்பக்கம் இருந்ததைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினேன். பழையதை அப்புறப்படுத்த வேண்டும் அல்லவா, தரவு வெளியே போகக் கூடாதே என்று அன்றிரவே அதை முழுக்கப் பூஜ்ஜியங்களால் நிரப்பினேன். மறுநாள் காலை பார்த்தால் நகலெடுப்பு பாதியில் நின்றிருக்கிறது, படிக்க முடியாத கோப்புகள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. நான் கழற்றியது நல்ல டிஸ்க். நோயாளி உள்ளேயே இருந்தது. நல்லதை என் கையாலேயே அழித்திருந்தேன்.

அக்காவிடம் அதைச் சொன்னபோது அவள் திட்டவில்லை. “எந்த ரெண்டு கதைடா?” என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எது போனது என்று தெரிந்துகொள்ளக்கூடப் பட்டியல் வைத்திருக்கவில்லை. கோப்பின் பெயர்களில் தேதி மட்டும்தான் இருந்தது.

வீட்டு சர்வர்களில் தரவு போவதற்கு டிஸ்க் செத்துப்போவது மட்டும் காரணம் இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வது அதனால்தான். ஒரு டிஸ்க் சாகும் என்று எதிர்பார்த்துத்தான் இந்த ஏற்பாடே கட்டப்பட்டிருக்கிறது. 1988ல் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ரெய்டு என்ற சொல்லை முன்வைத்து எழுதிய கட்டுரையின் சாரமே, விலை மலிந்த சின்ன டிஸ்க்குகள் அடிக்கடி போகத்தான் போகும், போனாலும் தாங்கும்படி அவற்றைச் சேர்த்துக் கட்டுவோம் என்பதுதான். டிஸ்க் சாவதை அந்த ஏற்பாடு தாங்கும். பதறிப்போன மனிதர் பெட்டியைத் திறந்து தவறான கேபிளைப் பிடுங்குவதை அது தாங்காது.

இந்த முறை எட்டைப் பார்த்ததும் நான் பெட்டியைத் தொடவில்லை. முதலில் டிஸ்க்கைப் பற்றிய ஸ்மார்ட் எண்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் நாட்குறிப்பு. அதில் நிறைய வரிகள் இருக்கும். பல வரிகளுக்கு ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வோர் அர்த்தம் வைத்திருப்பார்கள். நான் முதலில் பார்ப்பவை நான்குதான். 5ஆம் வரி, கெட்டுப்போன இடத்துக்குப் பதிலாக வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள். 197, படிக்க முடியாமல் போய், அடுத்து அந்த இடத்தில் எழுதும் வரை முடிவுக்காகக் காத்திருப்பவை. 198, டிஸ்க் தானாகச் சோதித்தபோதும் மீட்க முடியாதவை. அப்புறம் 199, டிஸ்க்குக்கும் கணினிக்கும் இடையே தரவு போகும்போது வந்த பிழைகள். இந்த 199 மட்டும் ஏறி மற்றவை பூஜ்ஜியத்தில் இருந்தால் டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. கேபிளை மாற்றினாலே சரியாகிவிடக்கூடிய டிஸ்க்குகளைத் தூக்கி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எண் குறையாது, ஏறியது ஏறியதுதான். கேபிளை மாற்றிய பிறகு அது மேலும் ஏறுகிறதா என்றுதான் கவனிக்க வேண்டும்.

என் டிஸ்க்கில் 199 பூஜ்ஜியம். 197ம் 198ம் ஏறியிருந்தன. ஓடிய நேரம் 43,912 மணி. ஐந்து வருடங்களை அப்போதுதான் தாண்டியிருந்தது.

கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த மூவர் 2007ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து எழுதியது. அதில் இரண்டு விஷயங்கள் எனக்கு மறப்பதே இல்லை. முதல் ஸ்கேன் பிழை, அதாவது டிஸ்க் பின்னணியில் தன்னைத் தானே சோதிக்கும்போது கண்ட பிழை, வந்த டிஸ்க், பிழையே வராத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாக 39 மடங்கு வாய்ப்பு அதிகம். இது ஒன்று. செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல், 56 சதவீதத்துக்கு அதிகமானவை, அந்த ஆய்வு முக்கியம் என்று சொன்ன நான்கு அறிகுறிகளில் எதையுமே காட்டாமல் போயின. இது இன்னொன்று. அறிகுறி காட்டினால் நம்ப வேண்டும்; காட்டாததால் நலம் என்று நம்பிவிடக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், இப்படி முன்கூட்டியே முனகும் டிஸ்க் கிடைப்பது ஒரு வாய்ப்பு என்று புரியும். சொல்லாமல் போகும் டிஸ்க்குகள்தான் அதிகம்.

மாற்றுவது என்று முடிவெடுத்துவிட்டேன். ஆனால் முதல் வேலை மாற்றுவது இல்லை. இந்த நேரத்தில் பலரும் செய்வது, உடனே ஒரு முழுச் சோதனையை ஓட விடுவது. எல்லா டிஸ்க்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் படிக்கும். ஏற்கனவே தள்ளாடும் டிஸ்க்கை அப்படி ஓட விடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வேறு எங்கும் நகல் இல்லாதவற்றை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். ரெய்டு என்பது பேக்கப் ஆகாது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லுவேன். ஆனால் என் பேக்கப்பைத் தேடியபோது, அது ஐந்து மாதம் பழையதாக இருந்தது.

அந்த நகல் அக்கா வீட்டில் இருக்கும் வெளி டிஸ்க்கில் இருக்கிறது. போன் செய்தேன்.

“அக்கா, அந்தக் கறுப்பு டிஸ்க்கை லேப்டாப்ல மாட்டி வைக்கிறியா? இங்க ஒண்ணு மக்கர் பண்ணுது.”

“அம்மா கதை இருக்கிற பெட்டியாடா?”

“அதேதான்.”

“இப்பவே மாட்டுறேன். நீ இந்தத் தடவை நிதானமா செய், தம்பி. ராத்திரியோட ராத்திரியா எதையும் கழட்டாத.”

ஐந்து மாதத்துப் புதுக் கோப்புகள் 80 ஜிகாபைட்டுக்குக் கொஞ்சம் மேல். இணைப்பு வழியாக அங்கே போய்ச் சேர ஒன்றரை நாள் ஆனது. அந்த ஒன்றரை நாளும் நான் வேறெதையும் செய்யவில்லை. அதற்குள் 197ஆம் வரி 56ல் இருந்து 88க்குப் போயிருந்தது. அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கஷ்டம்தான். ஆனாலும் நகல் முடியும் வரை திருப்புளியைத் தொடுவதில்லை என்று இருந்தேன்.

இதற்கிடையே புது டிஸ்க். இதில் இரண்டே விஷயம் முக்கியம். ஒன்று அளவு. பழையதைவிடச் சிறியதாக இருந்தால் ஏற்றுக்கொள்ளாது. நல்ல வேளையாக இதற்கு ஒரு பொது வரையறை இருக்கிறது: இப்போது வரும் 4 டெராபைட் டிஸ்க்குகள் பொதுவாக 781 கோடியே 40 லட்சத்து 37 ஆயிரத்து 168 செக்டர் கொண்டவை. இன்னொன்று, தட்டில் எழுதும் முறை. சில டிஸ்க்குகளில் தடங்களை ஓடு வேய்வதுபோல ஒன்றன் விளிம்பு மேல் இன்னொன்றாக அடுக்கி எழுதுவார்கள். இடம் மிச்சம். ஆனால் கூரையில் நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் மேலே இருக்கும் வரிசைகளையும் பிரித்தாக வேண்டும் அல்லவா, அதே கதைதான் இங்கும். ஒரு தடத்தைத் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். அன்றாடம் கோப்பு சேமிக்கும்போது இது தெரியவே தெரியாது. ஒரு குழுவில் புதிதாகச் சேர்த்து, மணிக்கணக்கில் இடைவிடாமல் எழுதச் சொன்னால்தான் திணறும். திணறலைப் பார்த்துவிட்டு அமைப்பு அந்தப் புது டிஸ்க்கையே பழுது என்று வெளியே தள்ளிவிடவும் கூடும். வீட்டு சர்வருக்கு என்று விற்கப்பட்ட சில டிஸ்க்குகளிலேயே இந்த முறை சொல்லாமல் புகுத்தப்பட்டிருந்தது 2020ல் வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. இந்த ஓடு வேயும் முறைக்கு எஸ்எம்ஆர் என்று பெயர், அடுக்காமல் எழுதும் வழக்கமான முறைக்கு சிஎம்ஆர். எஸ்எம்ஆர் என்று இருந்தால் வேண்டாம்; சிஎம்ஆர் என்று தரவுத்தாளில் எழுதியிருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வந்த டிஸ்க்கை உடனே மாட்டவில்லை. லேப்டாப்பில் ஒரு டாக், அதாவது டிஸ்க்கை வெளியிலிருந்து மாட்டும் தாங்கி, வழியாக இணைத்துச் சோதித்தேன். முறையாகச் செய்தால் நான்கு வகை எழுத்துகளை டிஸ்க் முழுக்க எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும். எட்டு முறை முழு டிஸ்க்கையும் கடக்கும் வேலை. 4 டெராபைட்டுக்கு இரண்டரை நாள் ஆகிவிடும். உள்ளே ஒருவன் தள்ளாடிக்கொண்டிருக்கும்போது அவ்வளவு நேரம் எனக்கு இல்லை. டிஸ்க்கின் சொந்த நீண்ட சோதனையை மட்டும் ஓடவிட்டேன். சுமார் எட்டு மணி நேரம். பிழை இல்லை. இது சமரசம்தான், தெரிந்தே செய்தது. அவசரம் இல்லாத நாளில் வாங்கினால் முழுச் சோதனையும் செய்யுங்கள்; புதியது என்பதாலேயே ஒரு டிஸ்க் நல்லதாகிவிடாது.

அப்புறம்தான் பெட்டியைத் திறந்தேன். எது எஸ்டிசி?

இந்தக் கேள்வியில்தான் முன்பு நான் தோற்றேன். எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்பவை டிஸ்க்கின் பெயர்கள் இல்லை. கணினி எழுந்திருக்கும்போது எது முதலில் கண்ணில் பட்டதோ அதற்கு முதல் எழுத்து, அவ்வளவுதான். இன்று எஸ்டிசியாக இருப்பது நாளை வேறு பெயரில் எழலாம். மேலிருந்து மூன்றாவதாக இருப்பதால் அதுதான் மூன்றாவது எழுத்து என்பதும் கிடையாது. டிஸ்க்குக்கு உண்மையான பெயர் அதன் சீரியல் எண் ஒன்றுதான். கணினியிடம் கேட்டால் அந்த எண்ணைச் சொல்லும். டிஸ்க்கின் மேல் ஒட்டிய தாளிலும் அதே எண் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அதுதான் அது.

ஆனால் என் பெட்டியில் டிஸ்க்குகள் ஒன்றன் மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. தாள் ஒட்டியிருக்கும் பக்கம் மேலே, மேல் டிஸ்க்குக்கு அடியில், விரல் நுழையாத இடுக்கில். பழைய பாடத்துக்குப் பிறகும் ஐந்து வருடம் முன்னால் இதை மாட்டியபோது நான் வெளியே எண்ணை எழுதி ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் இரண்டு நிமிட வேலை.

சர்வரை முறையாக நிறுத்தினேன். மின் கம்பியைப் பிடுங்கினேன். டிஸ்க்குகளின் சுழற்சி அடங்க ஒரு நிமிடம் பொறுத்தேன். டிஸ்க்கைத் தாங்கும் தட்டுகளை ஒவ்வொன்றாக உருவி, டார்ச் அடித்து, எண்ணைப் படித்து, அடுத்ததை எடுக்கும் முன் அதைத் திரும்ப அதே இடத்தில் வைத்தேன். கேபிளையும் அதே முனையில். கணினி சொன்ன நோயாளியின் எண் 4417 என்று முடிந்தது. இரண்டாவது தட்டை உருவியதும் கடைசி நான்கு இலக்கங்கள் 44 என்று ஆரம்பிப்பதைப் பார்த்துவிட்டு ‘இதுதான்’ என்று மனம் முந்திக்கொண்டது. திரும்பப் படித்தேன். 4471. நான்காவது தட்டில் இருந்தது 4417.

இரண்டும் ஒரே நாளில், ஒரே பெட்டியில் வந்து சேர்ந்தவை. ஒரே தயாரிப்புத் தொகுதியாகத்தான் இருக்க வேண்டும். ஒரு இலக்க இடமாற்றம், டார்ச் வெளிச்சம், கொஞ்சம் அவசரம். அந்த இரண்டு கதைகளும் இப்படித்தான் போயின என்று நினைத்தபோது கை நடுங்கியது. நான்கு சின்னத் தாள்களில் கடைசி நான்கு இலக்கங்களைப் பெரிதாக எழுதி, ஒவ்வொரு தட்டின் முன்விளிம்பிலும் ஒட்டினேன். அதற்குப் பிறகுதான் புது டிஸ்க்கைப் பையிலிருந்து எடுத்தேன்.

இப்போது முக்கியமான முடிவு. நான்கு தட்டுதான் இருக்கிறது. புதியதை வைக்க இடம் இல்லை. 4417ஐக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் புதியதை வைப்பதுதான் சுலபம், கையேடுகளும் பெரும்பாலும் அதைத்தான் காட்டும். நான் அப்படிச் செய்யவில்லை. மதர்போர்டில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா முனை ஒன்று காலியாக இருந்தது. மின் இணைப்பிலும் ஒன்று மிச்சம். பெட்டிக்கு வெளியே, அதை ஒட்டி, ஒரு மரப்பலகையை வைத்து, அதன் மேல் புது டிஸ்க்கைப் படுக்க வைத்து, நீளமான கேபிளால் இணைத்தேன். யாரும் இடறிவிடாமல் முன்னால் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டேன். சுழலும் டிஸ்க்கில் படிக்கும் முனை தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. அந்த நிலையில் அதை நகர்த்தவே கூடாது.

ஏன் இவ்வளவு சிரமம்? நான்கு டிஸ்க்கில் ஒன்று இல்லாவிட்டாலும் தரவு இருக்கும், உண்மைதான். கூட்டல் கணக்கு மாதிரி அது. மூன்று எண்களும் அவற்றின் கூட்டுத்தொகையும் இருந்தால், ஒன்று தொலைந்தாலும் மற்ற மூன்றை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ஒன்று தொலைந்த பிறகு இன்னொன்றில் ஒரே ஓர் இடம் படிக்க முடியாமல் போனாலும், அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. 4417ஐக் கழற்றிய நொடியில் மற்ற மூன்றும் ஒரு பிழைகூட இல்லாமல் கடைசி வரை படித்தாக வேண்டும் என்ற நிபந்தனை வந்துவிடுகிறது. பல டிஸ்க்குகளின் தரவுத்தாளில் 10இன் 14ஆம் அடுக்கு பிட் படித்தால் அதிகபட்சம் ஒரு மீளாப் பிழை என்று போட்டிருக்கும். அது 12.5 டெராபைட். நடைமுறையில் டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆனால் மூன்று டிஸ்க்கிலிருந்தும் சேர்த்து எட்டு டெராபைட்டுக்கு மேல் படிக்க வேண்டியிருந்த எனக்கு, அந்த எண்ணைக் கண்டுகொள்ளாமல் விட முடியவில்லை.

4417 சாகவில்லை. கோடிக்கணக்கான செக்டர்களில் அதனால் படிக்க முடியாதவை நூற்றுச் சொச்சம்தான். மற்ற எல்லாமே நல்ல தரவு. பழையதையும் புதியதையும் ஒரே நேரத்தில் மாட்டிவிட்டு ‘இதற்குப் பதில் அது’ என்று சொன்னால், பழையது முழுதாக வெளியேற்றப்படும் வரை அதையும் படித்துக்கொண்டே இருக்கும் அறிவு இசட்எஃப்எஸ்ஸுக்கு உண்டு.

மின்சாரம் கொடுத்த அந்தச் சில நொடிகள்தான் எனக்குப் பெரிய பயம். வருடக்கணக்கில் நிற்காமல் ஓடிய டிஸ்க்கை நிறுத்தினால் திரும்பச் சுழலாமல் போவது உண்டு. காதைக் கிட்டே வைத்துக் கேட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று சுழல ஆரம்பித்தன. நான்காவது கொஞ்சம் தயங்கி, ஒரு முறை ‘டக்’கென்று சொல்லிவிட்டு, பிறகு மெல்ல ஏறியது. எண்களைப் பார்த்தேன். ஐந்தும் வந்திருந்தன. கட்டளையில் எஸ்டிசி என்றெல்லாம் போடாமல் சீரியல் எண் கொண்ட முழுப் பெயர்களையே போட்டேன். என்டர் தட்டும் முன் இரண்டு எண்களையும் வாய்விட்டுப் படித்து, தட்டில் ஒட்டிய தாளுடன் ஒப்பிட்டேன்.

இசட்எஃப்எஸ் உலகில் இந்த மறுநிரப்பலுக்கு ரீசில்வர் என்று பெயர். ரசம் போன கண்ணாடிக்குத் திரும்ப ரசம் பூசுவது. கண்ணாடி மாதிரி இரட்டை நகல் வைக்கும் ஏற்பாட்டிலிருந்து வந்த சொல். எனக்குப் பிடித்த தொழில்நுட்பச் சொற்களில் இதுவும் ஒன்று. இன்னொரு நல்ல குணமும் இதற்கு உண்டு: டிஸ்க் முழுவதையும் கண்மூடித்தனமாக நகலெடுக்காமல், தரவு இருக்கும் இடங்களை மட்டும் நிரப்பும். ஒவ்வொரு துண்டுக்கும் தனியாகச் சரிபார்ப்பு எண் வைத்திருப்பதால், படித்தது சரிதானா என்றும் அதற்குத் தெரியும்.

தொடங்கியதும் மீதி நேரம் இரண்டு நாள் என்றது. அரை மணியில் பதினாறு மணி நேரம் என்றது. முதல் கணிப்பை வைத்துக் கலங்க வேண்டாம், ஆரம்பத்தில் சின்னச் சின்னத் துண்டுகளாகத் தேடும்போது மெதுவாகத்தான் போகும். இடையிடையே எல்லாம் நின்றுபோன மாதிரி ஏழு நொடி அமைதி. 4417 ஒரு கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும் நேரம் அது. சர்வருக்கான டிஸ்க்குகள் பொதுவாக ஏழு நொடி முயன்று, முடியாவிட்டால் ‘முடியவில்லை’ என்று சொல்லிவிடும். மற்ற டிஸ்க்கிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். சாதாரண மேசைக் கணினி டிஸ்க் பல நேரம் ஒரு நிமிடத்துக்கு மேலும் முயலும். சர்வரை இயக்கும் லினக்ஸ் இயல்பாகப் பொறுப்பது முப்பது நொடி. அதற்குள் பதில் வராவிட்டால் டிஸ்க்கையே உலுக்கி எழுப்பப் பார்க்கும், நிலைமை மோசமாகும். வீட்டு சர்வரில் எந்த டிஸ்க்கை வேண்டுமானாலும் போடலாம் என்பவர்களோடு நான் உடன்படாததற்கு இந்த ஏழுக்கும் முப்பதுக்கும் உள்ள கணக்குதான் காரணம்.

இரவு அக்கா இரண்டு முறை கூப்பிட்டாள். “எவ்வளவு ஆச்சு?” “அறுபத்தோரு சதவீதம்.” “சரி, நீ தூங்கு. அது பாட்டுக்கு ஓடட்டும்.” எனக்குத் தூக்கம் வரவில்லை. நாற்காலியைத் தாண்டி, பலகை மேல் இருந்த புது டிஸ்க்கின் அருகே ஒரு சின்ன விசிறியை வைத்தேன். 46 டிகிரியில் இருந்தது 38க்கு இறங்கியது.

எழுபத்தெட்டு சதவீதத்தில் அது நடந்தது. நிலவரத் திரையில் 4417க்கு நேராகப் பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது, அது எதிர்பார்த்ததுதான். அதற்கு இரண்டு வரி மேலே, அதுவரை பூஜ்ஜியமாகவே இருந்த இடத்தில், படித்தல் பிழை: 1. எந்த டிஸ்க் என்று பார்த்தேன். 4471.

ஒரே தொகுதி, ஒரே பெட்டி, ஒரே வெப்பம், ஒரே 43 ஆயிரம் மணி நேரம். தம்பிக்கும் அண்ணனுக்கு வந்த நோய். ஐந்து வருடத்தில் முதல் முறையாக 4471 ஓர் இடத்தைப் படிக்க முடியாமல் நின்றது, அதுவும் இந்த இரவில். அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அந்த டிஸ்க்கை மாதாந்திரச் சோதனைக்குப் பிறகு இவ்வளவு கடினமாக யாரும் படிக்க வைத்திருக்கவில்லை.

4417ஐக் கழற்றியிருந்தால் அந்த இடத்துத் தரவு அங்கேயே முடிந்திருக்கும். அக்கா வீட்டு நகலைத் தேடிப் போயிருக்க வேண்டும். ஆனால் 4417 மாட்டியபடியே இருந்தது. அந்தக் குறிப்பிட்ட இடத்தை அதனால் படிக்க முடிந்தது. அதையும் மற்ற இரண்டையும் வைத்து 4471 சொல்ல முடியாததைக் கணக்கிட்டு, புதியதை நிரப்பியதோடு 4471லும் அந்த இடத்தைத் திரும்ப எழுதி, அடுத்த வரிக்குப் போய்விட்டது. எல்லாம் ஒரு நொடிக்குள். தரவுப் பிழைகள் ஏதும் இல்லை என்ற வரி திரையின் அடியில் அப்படியே இருந்தது. நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

மொத்தம் 11 மணி 40 நிமிடம் ஆனது. முடிந்ததும் 4417 பட்டியலிலிருந்து தானாக விலகியது. அப்போதும் அதைக் கழற்றவில்லை. முழுச் சோதனை ஒன்றை ஓடவிட்டு, அது பிழையில்லாமல் முடிந்த பிறகுதான் நிறுத்திக் கழற்றினேன். தாளில் இருந்த எண்ணையும் டிஸ்க்கில் இருந்த எண்ணையும் அக்காவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பி, அவள் படித்துச் சரி என்று சொன்ன பிறகு. இரண்டாவது ஜோடிக் கண் இருப்பது நல்லது. புதியது நான்காவது தட்டுக்குப் போனது. இரண்டு வாரத்தில் 4471ஐயும் இதே முறையில் மாற்றினேன். அடுத்த பெட்டி கட்டும்போது இரண்டு டிஸ்க் ஒரே நேரத்தில் போனாலும் தாங்கும் ஏற்பாடுதான், டிஸ்க்குகளையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வாங்கப் போவதில்லை. அக்கா வீட்டு நகல் இப்போது வாரம் ஒரு முறை தானாகப் போகிறது. கதைகளுக்கு ஒரு பட்டியலும் எழுதிவிட்டேன். ஒவ்வொன்றையும் முழுக்கக் கேட்டு, நரிக் கதை, கிணற்றுக் கதை, பேசாத கிளி என்று பெயர் போட்டேன். முடிக்க நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

4417ஐப் பூஜ்ஜியங்களால் நிரப்பப் பார்த்தேன். கெட்ட இடங்களில் முட்டி நின்றுவிட்டது. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதால் யாருக்கும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, நட்சத்திர முனைத் திருப்புளியால் திருகாணிகளைக் கழற்றினேன். ஒன்று தாளுக்கு அடியில் ஒளிந்திருக்கும், தடவிப் பார்த்தால் குழி தெரியும். மூடியைத் தூக்கியதும் உள்ளே தட்டுகள். எங்காவது கீறல், கறை, வட்டமாக ஒரு தழும்பு இருக்கும் என்று விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. என் முகம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

தட்டுகளைத் தனித்தனியாகக் கழற்றி, இரண்டில் துளை போட்டேன். மூன்றாவதை அக்கா கேட்டாள், துளை போட்டுத்தான் கொடுத்தேன். அதன் பின்பக்கத்தில், என் பெட்டியின் நான்காவது தட்டிலிருந்து உரித்த அந்தத் தாளை ஒட்டி வைத்திருக்கிறாள். 4417.